யூதித்தின் சாப்பாட்டுச் செலவு

லிந்தன்தால் கிராமத்தில் ஒரு குழந்தையை ஒரு வருஷம் வளர்ப்பதற்கு விலை பதினெட்டு டாலர். சாப்பாடு, துணி, காலுறை, சோப்பு எல்லாம் சேர்த்து. இருமுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, பேன் பார்ப்பது, கெட்ட கனவு கண்டு எழுந்தால் போர்வைக்குள் இடம் கொடுப்பது ஆகியவையும் அதில் அடக்கம். அவற்றுக்குத் தனி விலை போடும் வழக்கம் கிடையாது.

விலையைப் போட்டது அனாதைக் கணக்கு. ஊரில் தாயோ தகப்பனோ கண்ணை மூடினால், அடக்கம் முடிந்த வாரமே சபை நியமித்த கணக்கர் வீட்டுக்கு வருவார். நிலம், குதிரை, கலப்பை என்று தொடங்கிக் கரண்டி வரை விலை போட்டு, பிள்ளைகளின் பங்கைத் தோல் அட்டை போட்ட பெரிய புத்தகத்தில் ஏற்றுவார். அந்தப் பணம் சும்மா கிடக்காது. ஊரிலேயே நம்பகமான ஒருவருக்கு நூற்றுக்கு ஐந்து வட்டியில் கடனாகப் போகும். பிள்ளையை வளர்க்கிறவர் பதினெட்டு டாலரை அதிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைக்கு எட்டு வயது ஆகிவிட்டால், அது செய்யும் வேலைக்கும் விலை போட்டுச் செலவில் கழிப்பார்கள்.

ருஷ்யாவிலிருந்து கனடாவில் மனிடோபாவின் புல்வெளிக்கு வந்த மென்னோனைட்டுக் கிறிஸ்தவர்கள், சுவர்க்கடிகாரத்தையும் சூரியகாந்தி விதையையும் மூட்டை கட்டியபோதே இந்த ஏற்பாட்டையும் மூட்டை கட்டிக்கொண்டார்கள். துப்பாக்கி எடுப்பதில்லை, கோர்ட்டுக்குப் போவதில்லை, சத்தியம் செய்வதில்லை என்று வாழ்கிறவர்களுக்குச் சண்டை போட மிச்சமிருந்த ஒரே இடம் இந்தப் புத்தகம்தான். சத்தியம் செய்யாததால் அவர்கள் சாதாரணமாகச் சொல்வதே சத்தியத்துக்குச் சமம். சபை முன் சொன்னதை மாற்ற வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னும் எழுந்து நிற்க வேண்டும். அதற்குப் பல்லைப் பிடுங்கிக்கொள்வது மேல் என்று பலரும் நினைத்தார்கள்.

யுஸ்தினா ஹெப்னர் ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். ஒன்றையும் அவள் பெறவில்லை. அவளுடைய அப்பா பெர்தியான்ஸ்க் துறைமுகத்தில் கோதுமை வாங்கி விற்றவர். சின்ன வயதில் அவள் மூட்டைகள் மேல் உட்கார்ந்து கிரேக்கர்களோடும் இத்தாலியர்களோடும் அவர் பேரம் பேசுவதைப் பார்த்திருக்கிறாள். எதிராளி சொல்லும் விலை அவருக்குப் பிடிக்காவிட்டால் சிரிப்பார். பிடித்துவிட்டால் அவர் முகம் இழவு வீட்டுக்கு வந்தவர் முகம் மாதிரி ஆகிவிடும். மகள் அதை மட்டும் வரதட்சணையாக எடுத்துக்கொண்டு கெர்ஹார்ட் ஹெப்னரைக் கட்டினாள். ஜார் அரசர் மென்னோனைட்டுப் பையன்களையும் பட்டாளத்துக்கு இழுக்கப் போகிறார் என்றதும் இருவரும் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்தில் கப்பலேறினார்கள்.

இரண்டாவது குளிர்காலத்தில் மரம் வெட்டப் போன கெர்ஹார்ட் நெஞ்சுச் சளியோடு திரும்பி, மண்கட்டியால் கட்டிய வீட்டுக்குள் ஒன்பதே நாளில் இறந்துபோனான். யுஸ்தினாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. எட்டாவது வாரம், மனைவியை இழந்த, ஒன்பது பிள்ளைகள் உள்ள ஒருவர் பெண் கேட்டுப் பனிவண்டியில் வந்து இறங்கினார். அந்த ஊரில் அது அவசரம் இல்லை, கொஞ்சம் தாமதம்தான்.

"பிள்ளைங்களை வேணா விட்டுட்டுப் போங்க. நீங்க வேற வீடு பாருங்க" என்றாள் யுஸ்தினா.

அவர் கோபித்துக்கொண்டு போய்ப் பதினைந்தே நாளில் பக்கத்து ஊரில் கல்யாணம் முடித்தார்.

ஆனால் வேறு பிள்ளைகள் வந்தார்கள். டிஃப்தீரியாவும் பிரசவமும் டைபாய்டும் உறவுக்காரர் வீடுகளுக்குள் புகுந்து வெளியேற, பின்னாலேயே பிள்ளைகளைப் பங்கு பிரிக்கும் கூட்டம் நடக்கும். ஏர் பிடிக்கத் தெரிந்த பையன்கள் முதலில் போவார்கள். தொட்டில் ஆட்டத் தெரிந்த பெண்கள் அடுத்து. கடைசியில் பெஞ்சு மேல் மாறுகண் உள்ளது, படுக்கையை நனைப்பது, இருமுவது என்று ஒன்றிரண்டு உட்கார்ந்திருக்கும். அது யுஸ்தினாவின் பங்கு. அவளுடைய நூற்று அறுபது ஏக்கரைப் பாதி வாரத்துக்கு விட்டிருந்தாள். நாலு மாடும் முப்பது வாத்தும் இருந்தன. போதுமானதாக இருந்தது.

ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் அனாதைக் கணக்கர் க்ளாஸ் பூர் புத்தகத்தோடு வந்து, "எழுதட்டுமா?" என்று கேட்பார். "இந்த வருஷம் வேண்டாம்ண்ணே" என்பாள் அவள். அவரும் அதை அப்படியே எழுதிக்கொள்வார். பிள்ளைகள் இருபத்தொரு வயதில் பங்கு வாங்கப் போகும்போது அந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தாங்கள் தின்ற ரொட்டி அங்கே டாலர் போட்டு வரிசையாக நிற்பதை அவர்கள் படிக்க வேண்டாம் என்று நினைத்தாள். ஆறு பேர் வளர்ந்து வேலைக்கும் கல்யாணத்துக்கும் போயிருந்தார்கள். ஏழாவது யூதித் ஃபால்க், செத்துப்போன தங்கையின் மகள்.

தங்கையையும் தங்கை புருஷனையும் டைபாய்டு ஒரே வாரத்தில் கொண்டுபோய் ஆறு வருஷம் ஆகிறது. தங்கை புருஷனின் தம்பி பெர்ன்ஹார்ட் ஃபால்க் மூத்த பையன்கள் இருவரையும் அன்றைக்கே அழைத்துக்கொண்டான். ஐசக்குக்குப் பதிமூன்று, யோஹானுக்குப் பதினொன்று, இருவருக்கும் நல்ல தோள். மூன்று பிள்ளைகளின் பங்குப் பணத்தையும் அவனே ஐந்து வட்டிக்கு எடுத்துக்கொண்டான். யூதித்துக்கு ஆறு வயது. ராத்திரியெல்லாம் இருமினாள். பேச்சும் நின்றுபோயிருந்தது. அவளைப் பெர்ன்ஹார்ட் பார்க்கவேயில்லை. யுஸ்தினா வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் கழித்து, வாத்து ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாக விழுந்ததைப் பார்த்துத்தான் யூதித் முதலில் சிரித்தாள். பிறகு பேசினாள். அதற்கப்புறம் நிறுத்தவேயில்லை.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பெர்ன்ஹார்ட் வீட்டில் ஆறாவது குழந்தை பிறந்திருந்தது. அவனுடைய வேலைக்காரப் பெண் வின்னிபெக்கில் ஹோட்டல் வேலை கிடைத்துப் போய்விட்டாள். புது வேலைக்காரிக்கு வருஷத்துக்கு நாற்பது டாலரும் ஒரு ஜோடி செருப்பும் வேண்டும். அண்ணன் மகளுக்கு ஒன்றும் வேண்டாம்.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. யுஸ்தினா விதைக் கிழங்கு பிரித்துக்கொண்டிருந்தாள். க்ளாஸ் பூர் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் தொப்பியை ஆணியில் மாட்டாவிட்டால் நல்ல செய்தி இல்லை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"நேத்து ஆராதனை முடிஞ்சு ஆம்பளைங்க கூட்டத்துல பெர்ன்ஹார்ட் பேசினான். யூதித்தைத் தன் வீட்டுக்கு மாத்தணுமாம்."

யுஸ்தினாவின் கை கிழங்குக் கூடைக்குள் நின்றது. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. அவளுக்காகப் பேச சபை நியமித்திருந்தவர் இஸ்பிராண்ட் ஃப்ரீசன். எழுபத்தெட்டு வயது, இரண்டு காதும் மந்தம்.

"இஸ்பிராண்ட் மாமா எனக்காக என்ன சொன்னார்?"

"தூங்கிட்டிருந்தார்."

"பெர்ன்ஹார்ட் சொன்னதை ஒரு வார்த்தை விடாம சொல்லுங்கண்ணே."

க்ளாஸ் பூர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார். "'ஆம்பளை இல்லாத வீடு. அங்க பிள்ளை ஒரு துரும்பைக்கூட நகர்த்தறதில்லை. வேலை தெரியாம வளருது. எங்கிட்ட வந்தா வேலை பழகும்.' அவ்வளவுதான். வேலை பழக்காத வீட்ல இருந்து பிள்ளையை மாத்தலாம்னு விதி இருக்கு, உனக்குத் தெரியும். வியாழக்கிழமை நானும் அவனும் வந்து விசாரிச்சு எழுதணும்."

"துரும்பைக்கூட நகர்த்தலைன்னு சபை முன்னாடி சொன்னானா?"

"சொன்னான்."

"எழுதினீங்களா?"

"நான் எழுதாம எது நடந்திருக்கு?"

யுஸ்தினா கையிலிருந்த கிழங்கின் முளையைக் கிள்ளி எறிந்தாள். வாசல் பக்கம் வாளி உரசும் சத்தம் கேட்டது. யூதித் தொழுவத்துக்குத் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை பெர்ன்ஹார்ட் வீட்டுக்குப் போனால் மே மாதம் பள்ளிக்கூடம் நிற்கும். ஜூனில் பாட்டு நிற்கும். அடுத்த குளிர்காலத்துக்குள் பேச்சும் நின்றுவிடும். ஐசக்கையும் யோஹானையும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பார்க்கிறாள். குதிரைகளைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வார்கள். தங்களைப் பற்றிக் கேட்டால் காலணியைப் பார்ப்பார்கள்.

"அண்ணே, யூதித்தோட சாப்பாட்டுச் செலவை எடுத்துக்கறேன். ஆறு வருஷத்துதும்."

க்ளாஸ் பூர் அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். "ஏழு பிள்ளைக்குக் கேட்காததை இப்பக் கேட்கிறியா?"

"கேட்கக்கூடாதா?"

"கூடும். வேண்டவே வேண்டாம்னு நீ கையெழுத்துப் போட்டதில்லை. வருஷா வருஷம் தள்ளித்தான் போட்டிருக்கே." அவர் தாடியைச் சொறிந்தார். "ஆனா பிள்ளைக்குத் தெரியுமே."

"தெரியட்டும்" என்றாள் யுஸ்தினா. அதைச் சொல்லும்போது அடுத்த கிழங்கை எடுத்து, முளையே இல்லாத இடத்தில் கிள்ளினாள்.

யூதித்திடம் அவள் எதையும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் ஜன்னல் கண்ணாடி. உள்ளே விளக்கு ஏற்றினால் தெருவுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பெர்ன்ஹார்ட் புதுக் கோட்டோடு வந்தான். நல்ல உயரம், சிவந்த கழுத்து, யாரையும் வெறுக்காத மனிதன். யாரும் தன்னை வெறுக்க முடியாது என்றும் நம்புகிறவன். இஸ்பிராண்ட் ஃப்ரீசனையும் கூட்டிவந்து வறட்டி எரியும் செங்கல் அடுப்போடு சாய்த்து உட்காரவைத்தார்கள். வறுத்த பார்லி காபி வந்தது. இரட்டை அடுக்கு பன்னும் பன்றித் தொடையும் வந்தன. யூதித் பரிமாறிவிட்டு, சூரியகாந்தி விதைக் கிண்ணத்தை நடுவில் வைத்து, கதவோரம் நின்றாள்.

"எப்படி வளர்ந்துட்டா பாருங்க" என்றான் பெர்ன்ஹார்ட். "வாடா கண்ணு. சித்தப்பா வீட்ல ஆறு தம்பி தங்கச்சி உனக்காகக் காத்திட்டிருக்காங்க."

"ஈரத்துணியோடதானே சித்தப்பா?" என்றாள் யூதித்.

க்ளாஸ் பூர் இருமலை விழுங்கிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். "முதல்ல செலவு. யுஸ்தினா ஹெப்னர், யூதித் ஃபால்கை வளர்த்த வகையில் ஆறு வருஷம், வருஷத்துக்குப் பதினெட்டு. ஆக நூற்றெட்டு டாலர். பிள்ளையோட பங்குப் பணம் பெர்ன்ஹார்ட் ஃபால்க் கையில கடனா இருக்கு. அதிலிருந்து ரொக்கமா எடுத்துக் கொடுக்கணும்."

கதவோரம் யூதித் அசையாமல் நின்றாள். முகத்திலிருந்த நிறம் மெல்லக் கீழே இறங்கியது. "நான் தின்னதுக்கா பெரியம்மா?" என்று கேட்டாள். யுஸ்தினா காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவளால் வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

பெர்ன்ஹார்டின் நிறமும் மாறியது. போன வருஷக் கோதுமையை ஆகஸ்ட் பனி கருக்கியிருந்தது. கையிலிருந்த பணமெல்லாம் நீராவிக் கதிரடிக்கும் இயந்திரத்தில் கிடந்தது.

"யுஸ்தினாக்கா, என்ன இது? சொந்தத் தங்கச்சி மகளுக்கு ரொட்டிக் கணக்கா?"

"உன் சொந்த அண்ணன் மகளும்தான்" என்றாள் யுஸ்தினா.

"அவ வேலை செய்யறாளே, அதைக் கழிக்கணுமில்ல?"

க்ளாஸ் பூர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "ஞாயித்துக்கிழமை, சபை முன்னாடி. 'ஒரு துரும்பைக்கூட நகர்த்தறதில்லை.' துரும்பு நகர்த்தாத பிள்ளைக்கு எதைக் கழிக்கிறது?"

பெர்ன்ஹார்ட் ஒரு விதையை உடைத்தான். தோலைத் துப்ப மறந்து விழுங்கினான். "நான் பார்த்ததைச் சொன்னேன். முழுசாப் பார்த்ததில்லை."

"முழுசாப் பார்த்ததில்லைன்னு எழுதிக்கட்டுமா? அடுத்த ஞாயிறு நீயே எழுந்து சொல்லிடுவே?"

நூற்றெட்டு டாலர் ஒரு பக்கம், எழுந்து நிற்பது ஒரு பக்கம். பெர்ன்ஹார்ட் கொஞ்ச நேரம் இரண்டையும் தூக்கிப் பார்த்தான். "சொல்றேன். எழுதுங்க."

"யூதித், இங்க வா" என்றார் க்ளாஸ் பூர். "எட்டு வயசுல இருந்து நீ என்னென்ன வேலை செய்யறேன்னு சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

யூதித் பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா அப்போதும் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் சரி என்று பிள்ளை நிமிர்ந்துகொண்டாள். குரலில் கோபம் இருந்தது. அவளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறதே.

"ரெண்டு மாடு கறப்பேன். காலைலயும் சாயங்காலமும்."

"புத்தக விலை நாலு டாலர்."

"நாலா?" பெர்ன்ஹார்ட் முன்னால் நகர்ந்தான். "விடியறதுக்கு முன்னாடி, மைனஸ் முப்பதுல? எந்த வேலைக்காரி வருவா அதுக்கு? ஆறு போடுங்க."

"அவ்வளவெல்லாம் ஆகாது பெர்ன்ஹார்ட்" என்றாள் யுஸ்தினா மெதுவாக. "சின்னக் கை. நாலே அதிகம்."

"உங்களுக்கு நாலு போதும்தான், கொடுக்கிறது நானில்ல? ஆறு."

யுஸ்தினாவின் முகம் இழவு வீட்டுக்கு வந்தவள் முகம் மாதிரி ஆயிற்று. "சரி. நீயே சொல்லும்போது நான் என்ன செய்ய?"

க்ளாஸ் பூர் ஆறு என்று எழுதினார். அவருக்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றுதான். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டதா என்பது மட்டுமே அவர் கவலை.

"அடுப்புப் பத்தவைப்பேன், சாம்பல் அள்ளுவேன், கிணத்துல இருந்து தண்ணி."

"நாலு."

"பனியில கிணத்து வாயை உடைக்கணும். ஆறு."

"அடப்பாவி, என்னை மொட்டையடிக்கிறியே" என்றாள் யுஸ்தினா. பெர்ன்ஹார்டுக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. துவைப்பதற்கும் ரொட்டி சுடுவதற்கும் சேர்த்து மூன்று இருந்ததை ஐந்தாக்கினான். வாத்து மேய்த்து இறகு பிடுங்குவது இரண்டிலிருந்து மூன்றானது. தோட்டமும் அப்படியே. கோடையில் சாணம் மிதித்து, வெட்டி, வறட்டி அடுக்குவதும் அப்படியே. காலுறை பின்னுவது ஒன்றரையில் இருந்தது. அதையும் விடாமல் இரண்டாக்கினான். யூதித் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, "கேட்டீங்களா, கேட்டீங்களா" என்று மற்றவர்களைப் பார்த்தான். பிள்ளையைப் பெற்றவன்கூட அப்படிப் பெருமைப்பட்டிருக்க மாட்டான்.

"ஆறும் ஆறும் பன்னெண்டு, அஞ்சு பதினேழு, மூணு மூணா ஒன்பது, இருபத்தாறு, ரெண்டு" என்று கூட்டினார் க்ளாஸ் பூர். "வருஷத்துக்கு இருபத்தெட்டு. நாலு வருஷத்துக்கு நூற்றிப் பன்னிரண்டு. செலவு நூற்றெட்டு. யுஸ்தினாவுக்குப் பிள்ளை பங்குல இருந்து ஒண்ணும் வராது. மேல்கொண்டு நாலு டாலர் யுஸ்தினாதான் பிள்ளைக்குத் தரணும்."

பெர்ன்ஹார்ட் மேஜையைத் தட்டினான். இஸ்பிராண்ட் ஃப்ரீசன் விழித்து, "ஆமென்" என்றுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"சந்தோஷம் அக்கா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்றான் பெர்ன்ஹார்ட். "யூதித், துணியை எடுத்து வை."

"எதுக்கு?" என்றார் க்ளாஸ் பூர்.

"கூட்டிட்டுப் போக."

"வருஷத்துக்கு இருபத்தெட்டு டாலர் வேலை தெரிஞ்ச பிள்ளைக்கு வேலை பழக்கணும்னு நான் சபையில எந்த வாயால சொல்றது? விலை போட்டது நீ. நான் நாலுதான் சொன்னேன்." அவர் ஒரு கோடு கிழித்தார். "மாத்தச் சொன்ன மனு தள்ளுபடி. இரு, எழுந்துக்காதே. இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."

"என்ன பக்கம்?"

"ஐசக், யோஹான். உன் வீட்ல ஆறு வருஷம். வருஷா வருஷம் 'சாப்பாடும் வேலையும் சரிக்குச் சரி'ன்னு நீ சொல்லி நான் எழுதியிருக்கேன். அது பழைய விலையில, வேலை வேலையாப் பிரிச்சுப் பார்க்காம. இப்ப மாடு ரெண்டுக்கு ஆறுன்னு ஆயிடுச்சு. ஒரு ஊரு, ஒரு வேலை, ஒரு விலை. பையன் ஒருத்தனுக்கு எத்தனை மாடு?"

பெர்ன்ஹார்ட் வாயைத் திறந்தான். பொய் சொல்ல முடியாத வாய் அது. "நாலு" என்றது.

"பன்னிரண்டு. அடுப்பும் தண்ணியும் ஆறு. வறட்டி மூணு."

"ஏர் ஓட்டறதுண்ணே" என்றாள் யுஸ்தினா. காபிக் கோப்பையிலிருந்து அப்போதுதான் கண்ணை எடுத்தாள்.

"அது புத்தகத்துல பன்னிரண்டு. மொத்தம் முப்பத்து மூணு. சாப்பாடு பதினெட்டு போக வருஷத்துக்குப் பதினைஞ்சு. ஆறு வருஷம், தொண்ணூறு. ரெண்டு பேருக்கும் சேர்த்து நீ தர வேண்டியது நூற்றெண்பது."

பெர்ன்ஹார்ட் யுஸ்தினாவைப் பார்த்தான். கெட்டவன் இல்லை அவன். ஏமாந்தவனுக்கு ஜெயித்தவர் மேல் வரும் மரியாதை கண்ணில் தெரிந்தது.

"அக்கா, பழைய விலைக்கே போயிடலாம். மாட்டுக்கு நாலு. எல்லாத்துக்கும் புத்தக விலை. பையன்க பக்கமும் பழையபடி சரிக்குச் சரின்னே இருக்கட்டும். யூதித் உங்ககிட்டயே இருக்கட்டும், நான் இனிமே வாயைத் திறக்கலை. உங்களுக்கும் நஷ்டமில்ல, பழைய விலையில பார்த்தா உங்களுக்குத்தான் வரணும். எவ்வளவுண்ணே?"

க்ளாஸ் பூர் கூட்டினார். "முப்பத்து நாலு டாலர். ரெண்டு பேரும் சம்மதம்னா மை காயறதுக்குள்ள மாத்திடலாம். அப்புறம் முடியாது."

யுஸ்தினாவுக்கு வேண்டியது கிடைத்தாயிற்று. பிள்ளை இனி எங்கும் போகப் போவதில்லை. முப்பத்து நாலு டாலர் என்பது ஒரு நல்ல கறவை மாடு, இல்லையென்றால் கூரைக்குப் புதுப் பலகை. கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. நேற்று வரை அவள் நினைத்ததெல்லாம் யூதித்தைப் பற்றித்தான். பையன்களின் பக்கம் திறக்கும் என்று தெரியும். பயமுறுத்த அது போதும், அதற்கு மேல் இழுக்க வேண்டாம் என்றுதான் வைத்திருந்தாள். ஐசக்குக்கு இப்போது பத்தொன்பது. தனக்கென்று நிலம் பதிய பத்து டாலர் வேண்டும், ஒரு ஜோடி எருது வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் அந்தப் பெஞ்சிலிருந்து அவள் அவர்களையும் எடுத்திருக்கலாம். நல்ல தோள் உள்ளவர்களுக்கு இவள் தேவையில்லை என்று விட்டுவிட்டாள்.

"அப்பவே சொன்னேன், மாட்டுக்கு நாலு போதும்னு" என்றாள். "நீதான் ஆறுன்னே. நீ சொன்னதுதான் சரி பெர்ன்ஹார்ட். மைனஸ் முப்பதுல அது ஆறு டாலர் வேலைதான். மாத்த வேண்டாம்."

"ரொக்கம் இல்லையே அக்கா."

"அறுவடை முடிஞ்சு கொடு" என்றார் க்ளாஸ் பூர். "பையன்களுக்குத்தானே. அவங்க ஒண்ணும் ஓடிப்போகப் போறதில்லை. இல்ல, இனிமே போனாலும் போவாங்க."

பெர்ன்ஹார்ட் கையெழுத்துப் போட்டான். போகும்போது ஒரு பன்னை எடுத்துக்கொண்டான். கதவருகே நின்று, "உங்க அப்பா பெர்தியான்ஸ்க்ல என்ன வியாபாரம் பண்ணினார்?" என்று கேட்டான்.

"கோதுமை."

"அதான்" என்றுவிட்டு வண்டியேறினான்.

க்ளாஸ் பூர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கங்களை நேர் செய்யத் தொடங்கினார். யூதித் இன்னும் மேஜைக்கு அந்தப் பக்கம்தான் நின்றாள்.

"நூத்தியெட்டு டாலர்னு சொன்னப்ப என்னைப் பார்க்கவேயில்லை நீங்க."

"பார்த்திருந்தா சிரிச்சிருப்பேன், இல்லைன்னா அழுதிருப்பேன். ரெண்டுல எது நடந்தாலும் உன் சித்தப்பா கோட்டை மாட்டிட்டுக் கிளம்பியிருப்பான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"உங்கிட்டச் சொன்னா ஊர்ச்சுவர்ல எழுதின மாதிரி. உனக்கு மறைக்க வராது. அது நல்லதுதான், ஆனா பேரத்துக்கு ஆகாது."

யூதித் கொஞ்சம் யோசித்தாள். "என்னை அனுப்பிடறதுக்குத்தான் கணக்கு முடிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

யுஸ்தினா எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். பிள்ளையின் அவிழ்ந்த பின்னலைப் பார்த்து அதைப் பின்னத் தொடங்கினாள். கொஞ்சம் இறுக்கியே பின்னினாள். "தப்புதான்" என்றாள் பின்னலுக்கு மேலிருந்து. "இனிமே உன் பக்கத்துல என்ன எழுதினாலும் உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் எழுதுவேன்."

"அந்த நாலு டாலர்?"

"எங்கிட்ட இப்ப ஒண்ணரைதான் இருக்கு."

"கொடுங்க" என்றாள் யூதித்.

க்ளாஸ் பூர் பேனாவோடு நிமிர்ந்தார். சிரிக்கவில்லை. யுஸ்தினா அலமாரிக்குப் போய், காபி டப்பாவிலிருந்து ஒரு டாலர் தாளையும் இரண்டு கால் டாலர் நாணயத்தையும் எடுத்து வந்து மேஜை மேல் வைத்தாள். யூதித் எண்ணி எடுத்துக்கொண்டாள். ஒரு கால் டாலரை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போடு" என்றார் க்ளாஸ் பூர். பள்ளிக்கூடத்தில் பழகிய கொக்கி எழுத்தில், மை சிந்தாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் பெயரை எழுதினாள். கீழே யுஸ்தினா எழுதினாள். அதற்கும் கீழே க்ளாஸ் பூர் எழுதி, தேதி போட்டு, மை காய மணல் தூவி ஊதினார்:

யுஸ்தினா ஹெப்னர், யூதித் ஃபால்குக்குத் தர வேண்டியது: நாலு டாலர். இன்று கொடுத்தது: ஒன்றரை டாலர். பாக்கி: இரண்டு டாலர் ஐம்பது சென்ட்.